உப்பு அக்கா கழற்றிய கைப்பிடி

உப்பு அக்காவுக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். இருபத்து நான்கு பேருடைய ரத்தத்தில் செம்பு கலந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்து நிறுத்தியவருக்கு, "மருத்துவமனைத் தண்ணீரை எழுத்துபூர்வ அனுமதியின்றி வீட்டுக்கு எடுத்துச் சென்றது ஏன்" என்று விளக்கம் கேட்டு ஒரு காகிதம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அது வேகத்தில் வந்தது. பொய் ஒரு வரி கூட இல்லை.

அக்கா டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் அனுப்புகிற வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறார். அவர் பிரிவில் ஆறு நாற்காலிகள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஆறு ஆறு பேராக வருவார்கள். மறுநாள் வேறு பன்னிரண்டு பேர். ஒருவருக்கு ஒரு முறைக்கு நூற்றிருபது லிட்டர் தண்ணீர் வேண்டும். மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கம் ரத்தம், அந்தப் பக்கம் தண்ணீர். தண்ணீரில் வேண்டாதது ஏதாவது இருந்தால் நேராக ரத்தத்துக்குப் போய்விடும். நாம் கண்ட தண்ணீரைக் குடித்தாலும் குடல் கொஞ்சம் தடுக்கும், சிறுநீரகம் மீதியைத் தள்ளிவிடும். அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு அந்தக் காவல் கிடையாது. அவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் அக்காதான் நிற்கிறார்.

வீட்டிலும் அவருக்குத் தண்ணீர்தான் வேலை. கூடத்தில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், இருநூறு லிட்டர் கடல்நீர்த் தொட்டி. உள்ளே இரண்டு கோமாளி மீன்களும் ஒரு கடல் சாமந்தியும். கடல் சாமந்தி என்றால் ஏதோ பூ என்று நினைத்துவிடாதீர்கள். அது உயிருள்ள பிராணி. ஒற்றைக் காலால் பாறையைப் பிடித்துக்கொண்டு, நுனி உருண்ட விரல்களை விரித்து வைத்திருக்கும். வேறு மீன் தொட்டால் கொட்டும். கோமாளி மீனை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளும். மின்னும் விரல்களுக்கு நடுவே ஆரஞ்சு முகம் ஒன்று எட்டிப் பார்ப்பதை முதல் முறை பார்த்தபோது என் கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கலங்கியது.

எங்கள் மீன் வளர்ப்புக் குழுவில் யார் வந்து "என் மீன் படுத்துவிட்டது" என்று அழுதாலும் அக்கா கேட்கும் முதல் கேள்வி, "உப்பு எவ்வளவு?" என்பதுதான். பெயர் அப்படி வந்தது. உப்பை அளக்காமல் மீன் வாங்கினேன் என்று சொன்ன ஒருவரை, அழுகிற மனுஷன் என்றுகூடப் பார்க்காமல், கால் மணி நேரம் விளாசியிருக்கிறார். கோபம் அவருக்கு மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். வீட்டில் வாளிகளின் மேல் எழுதி ஒட்டியிருப்பார்: "உப்புத் தண்ணீர் மட்டும்", "நல்ல தண்ணீர் மட்டும்", "துணி துவைத்தால் தெரியும் சேதி".

மூன்றாவது வாளி அவருடைய வீட்டுக்காரருக்காக. அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். பன்னிரண்டு வருடமாக அந்தத் தொட்டியைக் கிண்டல் செய்துகொண்டே, தினமும் அதன் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். பெரிய மீன் பெண். அதற்கு "முதலாளியம்மா" என்று பெயர் வைத்தார். சின்னது ஆண், அது "வீட்டோட மாப்பிள்ளை". சாமந்தி "மெத்தை". பெண் மீன் இறந்துவிட்டால் ஆண் மீன் கொஞ்ச நாளில் பெண்ணாக மாறி அந்த இடத்துக்கு வந்துவிடும் என்று அக்கா ஒரு நாள் சொன்னபோது, அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "அப்போ எனக்கும் புரமோஷன் சான்ஸ் இருக்கு" என்றாராம். "மொதல்ல பக்கெட்டைக் கழுவு" என்று பதில் வந்ததாம்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சாமந்தி தானாகவே இரண்டாகப் பிரிந்தது. அவை அப்படிச் செய்யும். ஒரு பாதியை ஈரத் துணி சுற்றிய டப்பாவில் வைத்து அக்கா எனக்குக் கொடுத்தார். உப்பு அளவைச் சரியாகச் சொன்ன பிறகுதான்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். மெமோ அதைப் பற்றியதுதானே.

டயாலிசிஸ் பிரிவில் தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்கு முன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். சோதனைக் குழாயைத் திறந்து சில நிமிடம் ஓடவிட்டு, பிறகுதான் மாதிரி எடுப்பார்கள். அந்த ஓடவிட்ட தண்ணீர் சாக்கடைக்குப் போகும். அத்தனை சுத்தமான தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்து மனசு கேட்காமல், முன்பு இருந்த இன்ஜினியரிடம் அக்கா கேட்டார். கேனில் பிடித்துக்கொள்ளம்மா, யாருக்கு நஷ்டம் என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருடம், வாரத்துக்கு இரண்டு கேன், எல்லோர் கண் முன்னாலும் வாசல் வழியாகத்தான் போயிருக்கிறது. காவலாளி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தத் தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்துத் தொட்டிக்கு ஊற்றுவார். தொட்டியில் ஆவியாகிக் குறைவதற்கு உப்பில்லாமல் அதே தண்ணீரை ஊற்றுவார்.

சித்திரம் போல இருந்த அந்தச் சாமந்திக்கு மூன்று மாதத்துக்கு முன் ஏதோ ஆயிற்று. முதலில் விரல்கள் சுருங்கின. பிறகு நடுவிலிருக்கும் வாய் பிளந்து கிடந்தது. பன்னிரண்டு வருடம் ஒரே பாறையில் இருந்தது, காலைப் பெயர்த்துக்கொண்டு தொட்டி முழுக்க அலைய ஆரம்பித்தது. முதலாளியம்மா அதன் பின்னாலேயே போய்ப் போய் முட்டிக்கொண்டிருந்தது. மீன்கள் இரண்டும் நன்றாகவே இருந்தன. அதுதான் அக்காவைக் குழப்பியது. உப்பு சரி, சூடு சரி, கழிவின் அளவு சரி.

சரியில்லாத தொட்டிக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே முதலுதவி தண்ணீர் மாற்றுவது. அக்கா வாரம் ஒரு முறை மாற்றுகிறவர், இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றினார். மாற்ற மாற்ற அது இன்னும் சுருங்கியது. கையளவு ஆயிற்று, பிறகு எலுமிச்சை அளவு.

அந்த மூன்று நான்கு வாரமும் அக்கா எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். காலையில் முதல் நாற்காலிக்கு வரும் வாத்தியார் உட்பட. அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஏழு வருடமாக அக்கா கையால்தான் ஊசி போட்டுக்கொள்கிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கண்ணாடியில் முகம் வெளுத்துத் தெரிகிறது என்று சொன்னார். ரத்தப் பரிசோதனையில் ரத்த அளவும் இறங்கியிருந்தது. இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடாமல் என்னிடம் வந்து மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் நான் என்ன செய்வேன் என்று அக்கா அவரைத் திட்டினார். ஒரு வேளை கூடத் தவறவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். அக்கா நம்பவில்லை.

வீட்டில் வீட்டுக்காரரையும் நம்பவில்லை. பாசி சுரண்டும் கத்தி தொட்டிக்குள் விழுந்தபோது அவர் கையை விட்டு எடுத்திருக்கிறார். அதே வாரம் வேனில் வயர் மாற்றியிருக்கிறார். வயர் என்றால் செம்புக் கம்பி. செம்பு துளி போதும், சாமந்தி போன்ற பிராணிகளுக்கு அது விஷம். ஆகவே குற்றவாளி வேன் டிரைவர். மூன்று நாள் அவரோடு பேச்சில்லை. சாப்பாடு மேசையில் இருக்கும், அக்கா இருக்க மாட்டார். சந்தேகத்தைக் கையும் களவுமாக நிரூபிப்பதற்காகவே அக்கா செம்புச் சோதனைப் பெட்டி ஒன்று வரவழைத்தார். கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து, மருந்து நாலு சொட்டு விட்டு, செம்பு இருந்தால் நீலமாகும். எவ்வளவு நீலம் என்று ஒரு வண்ண அட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். டயாலிசிஸ் பிரிவுக்கு விடுமுறை. தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டார். நல்ல நீலம். குப்பியைத் தூக்கிப் பிடித்து வீட்டுக்காரரின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

அவர் பொதுவாகக் கத்துகிற மனிதர் இல்லை. அன்றைக்கு அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. மூலையில் புதிதாக உப்புக் கரைத்து வைத்திருந்த வாளியைக் காட்டினார்.

"அதையும் பாரு. அதுல நான் கையே வைக்கலை. அதுவும் நீலமா வந்தா என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், ஊரைக் கூட்டி."

வாளித் தண்ணீரும் நீலமானது. தொட்டியைவிட வெளுத்த நீலம், ஆனால் நீலம். அக்கா உப்பு மூட்டையைச் சந்தேகப்பட்டார். மூட்டையை ஓரமாக வைத்துவிட்டு, முந்தாநாள் கொண்டுவந்த கேனிலிருந்து, உப்பே போடாத வெறும் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டார். அதுவும் நீலம். ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும், குறைந்ததை நிரப்பும்போதும், வைத்தியம் என்று நினைத்து அவர் கையாலேயே ஊற்றியது இதைத்தான். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிப் போகும், கூட வந்த செம்பு போகாது. அதுதான் வாரக் கணக்கில் சேர்ந்து தொட்டியில் கெட்டியாகிவிட்டது.

வீட்டுக்காரர் ஜெயித்த சந்தோஷத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தாராம். அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அக்கா குப்பியைப் பார்த்தபடியே சொன்னார்:

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாத்தியார் வந்து உக்காருவாரு. இந்தத் தண்ணிலதான்."

பிரிவின் சுவரில் ஒரு அட்டவணை தொங்குகிறது: டயாலிசிஸ் தண்ணீரில் எது எவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று. செம்பின் அளவு அக்காவுக்கு மனப்பாடம். கேன் தண்ணீரின் நீலம் அந்த அளவைத் தாண்டியிருந்தது. தினசரிச் சோதனை குளோரினுக்கு மட்டும்தான். செம்பை வெளி ஆய்வகம் வருடத்துக்கு ஒரு முறைதான் பார்க்கும். அடுத்த முறைக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஏழு மாதம். இந்த இடத்தில் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

அன்று மாலையே அக்கா மேலாளருக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினார். "காலையில் பேசலாம்" என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு அக்கா தண்ணீர் அறையில் இருந்தார். வீட்டுக்காரர் வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கேட்காமலேயே ஸ்பேனரையும் கையில் கொடுத்தார். சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வெளியே வரும் இடத்தில் முதல் மாதிரி: சொட்டு விட்டால் நிறமே இல்லை. நாற்காலிகளுக்குப் போகும் வழியிலுள்ள சோதனைக் குழாயில் இரண்டாவது மாதிரி: நீலம். இரண்டுக்கும் நடுவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பழைய வால்வு ஒழுகியதால் பைப் கான்ட்ராக்டர் ஐந்து வாரத்துக்கு முன் மாற்றிய புது வால்வு. பளபளவென்று எவர்சில்வர் மாதிரி இருந்தது. அக்கா வீட்டுச் சாவியை எடுத்து அதன் அடியில் ஒரு கீறல் போட்டார். மஞ்சளாகத் தெரிந்தது. மேலே பூச்சு, உள்ளே பித்தளை. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. அவ்வளவு சுத்தமான தண்ணீர் எதைத் தொட்டாலும் அரித்துத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அந்த வேலை தெரிந்த யாரும் பித்தளையை அங்கே வைக்க மாட்டார்கள்.

அக்கா வால்வை மூடினார். ஸ்பேனரால் அதன் கைப்பிடியைக் கழற்றித் தன் வெள்ளைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டார். இனி அவர் கொடுத்தால்தான் தண்ணீர் ஓடும்.

ஆறு மணிக்கு ஆறு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைக் காத்திருக்கச் சொல்வதும் சின்ன விஷயமில்லை. இரண்டு நாள் சேர்ந்த தண்ணீர் உடம்பில் ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறும் நிலையில் வருகிறவர்கள் அவர்கள். நிறுத்தினாலும் ஆபத்து, ஓடவிட்டாலும் ஆபத்து.

மேலாளர் ஆறேகாலுக்கு வந்தார். அக்கா இரண்டு குப்பிகளையும் மேசையில் வைத்தார். அவர் ஒன்றைக் கூடக் கையில் எடுக்கவில்லை. இது எந்த ஆய்வகத்தின் அறிக்கை என்று கேட்டார். மீன் தொட்டிக்கு வாங்கிய பெட்டி என்று அக்கா சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்கு ஓட்டுங்கள், மாதிரியை வெளியே அனுப்பலாம், பத்து நாளில் அறிக்கை வந்துவிடும் என்றார். அக்கா நகரவில்லை.

"மீன் தொட்டியை வெச்சு ஆஸ்பத்திரியை மூடச் சொல்றீங்களா? அந்த மீன்லாம் செத்துப் போச்சா?"

"மீன் நல்லாத்தான் சார் இருக்கு. மீனுக்கு இதையே மருந்தாக்கூட ஊத்துவாங்க. முதுகெலும்பு இல்லாததுக்குத்தான் இது ஒத்துக்காது."

முதல் நாற்காலியிலிருந்து வாத்தியார் இருமினார். அது சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தது. மேலாளரின் முகம் சிவந்துவிட்டது. கைப்பிடியைக் கொடுங்கள், இல்லையென்றால் இன்றோடு உங்கள் வேலை போகும் என்று குரலை உயர்த்தினார். அக்கா ஒரு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, இன்னொரு கையால் சிறுநீரக மருத்துவருக்குப் போன் செய்து, எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தார்.

மருத்துவர் அப்போதுதான் எழுந்திருந்தார். அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: கடைசி ஒரு மாதத்தில் ரத்த அளவு இறங்கியவர்கள் எத்தனை பேர்? அக்கா கோப்புகளைப் புரட்டினார். இருபத்து நான்கில் பத்தொன்பது. தனித்தனியாக ஒவ்வொருவரையும் சாப்பாடு சரியில்லை, மாத்திரை சரியில்லை என்று அனுப்பியிருந்தார்கள். வரிசையாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்கும்தான். தண்ணீரில் செம்பு இருந்தால் ரத்த அணுக்கள் உடையும்.

"அந்தக் கைப்பிடி இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று மருத்துவர் கேட்டார்.

"என் பாக்கெட்ல சார்."

"அங்கேயே இருக்கட்டும்."

பைப் கான்ட்ராக்டரைப் படுக்கையிலிருந்து எழுப்பி வரவழைத்தார்கள். எல்லா வால்வும் ஒன்றுதானே என்று அவர் ஆரம்பித்தார். அக்கா சாவிக் கீறலைக் காட்டியதும் ரம்பத்தை எடுத்துவரப் போனார். பித்தளையை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டயாலிசிஸுக்கான பிளாஸ்டிக் குழாயும் வால்வும் போட்டார்கள். இரண்டு மணி நேரம் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவினார்கள். அக்கா ஒவ்வொரு நாற்காலியின் குழாயிலும் மாதிரி எடுத்துச் சொட்டு விட்டார். ஆறும் நிறமில்லை. மதியம் ஒன்றரைக்கு வாத்தியாருக்கு ஊசி போட்டார். மதிய முறைக்காரர்கள் மாலைக்குத் தள்ளிப்போனார்கள். யாருக்கும் ஒரு முறை கூடத் தவறவில்லை. அக்கா பதினாறு மணி நேரம் நின்றார்.

ஊசி போடும்போது வாத்தியாரிடம் மாத்திரை விஷயத்தில் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறார். வாத்தியார் சொன்னாராம், "விடும்மா. கணக்குத் தப்பா வந்தா பையனைத் திட்டுவோம். கேள்வித்தாளே தப்புன்னு யாருக்குத் தோணும்."

வீட்டுக்காரரிடமும் கேட்டார். ஊரைக் கூட்டவில்லை. அந்தக் குறையை அவர் எங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

சாமந்தி செவ்வாய்க்கிழமை இறந்தது. வீட்டுக்காரர் அன்றைக்கு வேனை எடுக்காமல், கடையிலிருந்து சுத்திகரித்த தண்ணீர்க் கேன்களை வாங்கிவந்து, ஒவ்வொன்றையும் சோதித்து, புதிதாக உப்புக் கரைத்துத் தனி வாளியில் அதை வைத்துப் பார்த்தார். பயனில்லை. பன்னிரண்டு வருடம் மெத்தை மெத்தை என்று கிண்டல் செய்தவர், வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார் என்று அக்கா சொன்னார்.

பத்து நாள் கழித்து வெளி ஆய்வகத்தின் அறிக்கை வந்தது. அந்தப் பித்தளை வால்வைத் தாண்டி எடுத்த மாதிரியில் செம்பு அளவுக்கு மேல் என்று அச்சடித்து வந்தது. அதற்கு மறுநாள் மெமோ வந்தது. கான்ட்ராக்டருக்கு இல்லை. எவர்சில்வர் என்று எழுதியிருந்த ரசீதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவருக்கு இல்லை. அக்காவுக்கு. சோதனைக் குழாய்க்கு மேலே புதிதாக ஒரு பலகையும் தொங்குகிறது: "இங்கிருந்து தண்ணீர் வெளியே கொண்டு செல்லக் கூடாது."

வெளியே கொண்டு போனதால்தானே ஐயா தெரிந்தது. அந்த இரண்டு கேன் வாசலைத் தாண்டாமல் இருந்திருந்தால் இன்னும் ஏழு மாதம் வாத்தியாரை மாத்திரை போடவில்லை என்று திட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். ஏழு மாதம் அவர் இருந்திருப்பாரா?

மெமோவுக்குப் பதிலை அக்கா எழுதினார். வாத்தியார் ஒரு கையில் ஊசியோடு படுத்துக்கொண்டே இன்னொரு கையால் பிழை திருத்தினார். முதலில் அதில் ஒன்றரைப் பக்கத்துக்கு வசை இருந்ததாம். எல்லாவற்றையும் அடித்துவிட்டு மூன்று வரி மட்டும் மிச்சம் வைத்தார்: "தண்ணீர் எடுத்துச் சென்றது உண்மை. இனி எடுக்க மாட்டேன். அதற்குப் பதிலாக மாதம் ஒரு முறை செம்புச் சோதனை செய்து நோயாளிகள் பார்க்கும் இடத்தில் ஒட்ட உத்தரவிட வேண்டுகிறேன்." உத்தரவு இன்றுவரை வரவில்லை. அக்கா காத்திருக்கவில்லை. அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே வண்ண அட்டையை ஒட்டி, திங்கட்கிழமைதோறும் முதல் ஊசிக்கு முன் சொட்டு விட்டு, குப்பியை வாத்தியாரின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் ஊசி. மேலாளர் அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். அவர் கேட்ட கைப்பிடி இன்னும் கோட்டுப் பையில்தான் இருக்கிறது.

வீட்டில் முதலாளியம்மாவும் வீட்டோட மாப்பிள்ளையும் இப்போது அலை எழுப்பும் மோட்டாரின் பஞ்சுக்கு அருகில் ஒண்டிக்கொண்டு தூங்குகின்றன. சாமந்தி இருந்த பாறையை முதலாளியம்மா இன்னும் வாயால் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது. என் தொட்டியில் இருப்பது அதே சாமந்தியின் பாதி. எடுத்துவரட்டுமா என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறேன். பாறைக்குள் ஊறிய செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். அக்கா சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுப் பதில் அனுப்புகிறார். போன ஞாயிற்றுக்கிழமையும் அதே பதில்தான்:

"இன்னும் லேசா நீலம் இருக்கு. நீயே வெச்சிரு. உப்பு எவ்வளவு?"